ஆடையின் விலையை ஏற்றுவது யார்?

சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் உள்தூண் ஒன்றின் அருகே அமர்ந்து ஓதிக் கொண்டிருந்தேன். மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் மகனையும் அழைத்துக் கொண்டு வந்து உட்கார்ந்தார். கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். வருமானம் குறைவு, மானமுள்ள குடும்பம். மகனுக்குப் பதினேழு வயதிருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தான்.

"ஹள்ரத், இவனுக்கு நீங்கதான் மார்க்கத்தை எடுத்துச் சொல்லணும். பெருநாளைக்கு ஒரு பனியன் சட்டை வேணுமாம். நெஞ்சிலே சின்னதா ஒரு முதலை இருக்குமாம். விலை ஐயாயிரத்துக்கு மேலே. அந்தப் பணத்துக்கு வீட்டிலே அஞ்சு பேருக்கும் நான் துணி எடுத்திடுவேன். இது ஹராம்தானே?" என்றார்.

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வீண் விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் ஷரீஃபில் வந்திருப்பதைச் சொன்னேன். இஸ்ராஃப் என்றால் என்ன, அதன் கேடு என்ன என்பதை விளக்கினேன். வாப்பாவின் கஷ்டத்தைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்றும் சொன்னேன். பையன் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, தலை நிமிராமலேயே சொன்னான்:

"ஷஅபான் மாசத்துக்கு முந்தி ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போனேன் ஹள்ரத். மூணு தடவை எழுப்பி எழுப்பிக் கடைசி சஹன்லே ஒக்கார வச்சாங்க. ஷஅபான்லே இன்னொரு நிக்காஹ். மாமா மவன்கிட்டே இந்தச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். அதே ஆளு கையப் புடிச்சு, 'வாங்க தம்பி'ன்னு முன்னாலே கூட்டிட்டுப் போனாரு. நீங்களும்தான் ஹள்ரத். எத்தனையோ தடவை உங்களுக்கு ஸலாம் சொல்லியிருக்கேன். பதில் சொல்வீங்க, நிமிந்து பாக்க மாட்டீங்க. அன்னைக்குத்தான் ரெண்டு கையையும் நீட்டி முஸாஃபஹா செஞ்சு, 'யாரு மகன்?'னு கேட்டீங்க."

அவருடைய வாப்பா பதறிப் போய், "ஹள்ரத்துகிட்டேயா இப்படிப் பேசுறே?" என்று அதட்டினார். நான் அவரைத் தடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. அன்றைய தினம் எனக்கு நினைவிருந்தது. அவன் யார் வீட்டுப் பிள்ளையோ, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் குடும்பமோ என்று எண்ணித்தான் கேட்டிருந்தேன். அந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது? அந்தச் சட்டையிலிருந்துதான்.

விலை உயர்ந்த ஆடைக்கு மக்கள் ஏன் இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்று நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆணவம், அறியாமை, மேல்நாட்டு மோகம் என்று நாமே விடையும் சொல்லிவிடுகிறோம். வாங்குபவனை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்தி, விசாரணையை முடித்துவிடுகிறோம். அன்பர்களே, அந்தக் கூண்டில் இன்னும் சிலர் நிற்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

முதலில் அந்த விலை எதற்கான விலை என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தையற்காரருக்குப் பெயர் கிடையாது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். சீமாட்டி சொல்வதைத் தையற்காரர் அவள் வீட்டுக்கே போய்த் தைத்துக் கொடுப்பார். சார்லஸ் ஃப்ரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1858-ல் பாரிஸ் நகரில் ஒரு நிலையத்தைத் திறந்து இந்த முறையைத் தலைகீழாக்கினார். சீமாட்டிகள் அவரிடம் வந்தார்கள். அவர் வகுத்து வைத்த மாதிரிகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். ஓவியர் தம் சித்திரத்தில் கையெழுத்திடுவது போல அவர் தம் பெயர் நெய்த சீட்டை உடையின் உட்புறத்தில் தைத்து வைத்தார். எனினும் அந்தப் பெயர் உள்ளேதான் இருந்தது. உடுத்தியவளுக்கும் அவளுடைய பணிப்பெண்ணுக்கும் மட்டுமே தெரியும்.

பிறகு 1933-ல், பத்திரிகைகளால் முதலை என்று பட்டப் பெயர் சூட்டப்பட்டிருந்த பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் என்பவர் பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவருடன் சேர்ந்து சட்டை வியாபாரம் தொடங்கினார். அந்த முதலையைச் சட்டையின் வெளிப்புறத்தில், நெஞ்சிலேயே தைத்தார்கள். கழுத்துக்குள் மறைந்திருந்த சீட்டு நெஞ்சுக்கு இடம் மாறியது. இடம் மாறியது ஒரு சாண் தூரந்தான். ஆனால் கழுத்துக்குள் இருக்கும் சீட்டு உடுத்துபவனுக்காக இருப்பது. நெஞ்சில் இருக்கும் சின்னம் எதிரே வருபவனுக்காக இருப்பது.

இதை விளங்கிக் கொள்ள பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. நம் திருப்பூருக்குப் போனால் போதும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் எத்தனையோ பெயர்களுக்கு அங்கே பின்னலாடை தைத்து அனுப்புகிறார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியவையும், சிறு பழுதுக்காகக் கழிக்கப்பட்டவையும் அவ்வூர்க் காதர்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கும். பலவற்றில் கழுத்துச் சீட்டு வெட்டப்பட்டிருக்கும். அதே நூல், அதே சாயம், அதே தையல். சீட்டு போனதும் விலையும் போய்விடுகிறது. அப்படியானால் கடல் கடந்த கடையில் அந்த மனிதன் கொடுத்த பணத்தில் பெரும் பகுதி துணிக்கா, சீட்டுக்கா?

துணியல்லாத ஓர் உதாரணமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி நாட்டு மிலான் நீதிமன்றம், டியோர் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவொன்றைத் தன் மேற்பார்வையாளரின் கீழ் வைத்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அந்தப் பிரிவு சரிவரக் கண்காணிக்கவில்லை என்பதே காரணம். 2025-ல் அந்த ஏற்பாடு விலக்கிக் கொள்ளப்பட்டது. அந்த விசாரணையின்போது வெளிவந்த கணக்கு ஒன்று: கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பை ஒன்றைச் செய்து கொடுக்கப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் முதலிய மூலப்பொருள்களின் விலை இதில் சேரவில்லை என்பது உண்மை. கடை வாடகை, விளம்பரம், வரி எல்லாம் உண்டு என்பதும் உண்மை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், தைத்தவனின் உழைப்புக்கும் வாங்கியவனின் செலவுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் மிஞ்சுகிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது எது என்று 1899-ல் தார்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். உழைக்கத் தேவையில்லாத செல்வர்களின் நடைமுறைகளைப் பற்றிய நூல் அது. சில பொருள்கள் விலை அதிகமாக இருந்தும் வாங்கப்படுகின்றன என்று நாம் நினைக்கிறோம். விலை அதிகமாக இருப்பதனால்தான் அவை வாங்கப்படுகின்றன என்பது அவர் வாதம். என்னால் இவ்வளவு செலவழிக்க முடியும் என்று பிறருக்குக் காட்டுவதே அந்தப் பொருளின் வேலை. அதற்கு ஆடையைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றும் அவர் எழுதினார். வங்கியில் இருக்கும் பணத்தை வீதியில் காட்ட முடியாது, சட்டையைக் காட்டலாம். குளிர் நாட்டில் நடுங்கிக் கொண்டாவது நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்று மெல்லிய உடையில் போகிறவர்களையும் அவர் கவனித்திருந்தார்.

அவர் வாதம் மெய்யென்பதற்குப் பிற்காலத்தில் ஒரு சாட்சி கிடைத்தது. பர்பெரி என்ற ஆங்கில நிறுவனம் விற்காமல் தேங்கிய ஆடைகளையும் வாசனைப் பொருள்களையும் பிறவற்றையும் ஒரே ஆண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுன் மதிப்புக்கு அழித்ததாக 2018-ல் அதன் ஆண்டறிக்கையிலேயே கண்டிருந்தது. குறைந்த விலைக்கு விற்றிருக்கலாம், ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் மலிவாகக் கிடைத்தால் அந்தப் பெயரின் மதிப்பு போய்விடும் என்ற பயம். ஏழை உடுத்திவிட்டால் செல்வன் உடுத்த மாட்டான். மக்கள் கண்டித்த பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பிரான்ஸ் நாடு விற்காத துணிமணிகளை அழிப்பதைத் தடுக்க 2020-ல் சட்டமே இயற்றியது. நம் பெரியவர்கள் ஒளூவின் தண்ணீரிலே கூட இஸ்ராஃப் உண்டு என்று நம்மை எச்சரித்திருக்கிறார்கள். உடுக்கத் தகுந்த துணியைத் தீயிலிடுவதை என்னவென்று சொல்வது!

இத்தனையும் படித்தபின், விலை உயர்ந்த உடையே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் நம் மார்க்கம் நம்மை நிறுத்தி வைக்கிறது.

தொழுமிடத்திற்கு வரும்போதெல்லாம் அலங்காரத்தை எடுத்துக் கொள்ளும்படி அல்லாஹு தஆலா ஸூரத்துல் அஃராஃபில் ஏவுகிறான். உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண் விரயத்தைத் தடுக்கிறான். தன் அடியார்களுக்காக அவன் வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்று அதற்கடுத்த ஆயத்திலேயே கேட்கவும் செய்கிறான். மாலிக் இப்னு நள்லா (ரலி) அவர்கள் கந்தலான உடையில் வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உமக்குச் செல்வம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருப்பதாக அவர் சொன்னார். அல்லாஹ் தந்த அருளின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்ற கருத்தில் அவருக்கு உபதேசித்தார்கள். அணுவளவு பெருமையுள்ளவனும் சுவனம் புகமாட்டான் என்று அவர்கள் எச்சரித்தபோது, தன் உடையும் செருப்பும் அழகாயிருக்க வேண்டுமென விரும்புவது பெருமையா என்று ஒருவர் கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புபவன். பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதும்தான் என்று விளக்கம் தந்தார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. ஆடையைப் பற்றிய கேள்விக்கு வந்த பதிலில் ஆடையே இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற மனிதரை எப்படிப் பார்க்கிறாய் என்பதே பதிலாக வந்தது.

நம் இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரி. அவர்கள் நானூறு தீனார் மதிப்புள்ள மேலாடை அணிந்ததாக ஃபிக்ஹு நூல்களில் காணப்படுகிறது. நானூறு தீனார்! நம் கணக்குப்பிள்ளையின் ஐயாயிரம் ரூபாய் இதன் முன்னே எம்மாத்திரம்? ஆனால் அதே இமாம் அவர்களிடம் ஒரு பெண் பட்டுத்துணி ஒன்றை நூறுக்கு விற்கக் கொண்டு வந்தாள். இது அதைவிட அதிகம் பெறும் என்று சொல்லிச் சொல்லி விலையை ஏற்றி, கடைசியில் ஐந்நூறு கொடுத்து வாங்கினார்கள் என்ற வரலாறும் உண்டு. முதலில் அவள் தன்னைக் கேலி செய்வதாக எண்ணினாளாம். விலை துணியில் இருந்தது. துணியை அறிந்தவர் அந்த விலையை ஒளிக்காமல் சொன்னார். பெயர் ஒன்றைத் தைத்து ஏற்றிய விலையல்ல அது.

தமீமுத் தாரீ (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பானது. அவர்கள் ஆயிரம் திர்ஹம் கொடுத்து ஓர் உடை வாங்கி வைத்திருந்தார்கள். லைலத்துல் கத்ரு என எதிர்பார்க்கப்படும் இரவில் அதை அணிந்து தொழுவார்கள் என்று ஸஹாபாக்களின் வரலாற்று நூல்களில் வருகிறது. அந்த இரவில், இருட்டில், ஆயிரம் திர்ஹம் உடையைப் பார்ப்பவர் யார்? நாம் விலை உயர்ந்த சட்டையை ஊர் கூடும் விருந்துக்கென்று எடுத்து வைக்கிறோம். தஹஜ்ஜுதுக்கு வீட்டில் கிடக்கும் பழைய கைலியோடு நிற்கிறோம். அவர்களுடைய பெட்டியில் இருந்த உடையும் நம் அலமாரியில் இருக்கும் உடையும் விலையில் ஒன்றாகவே இருக்கலாம். யாருக்காக வெளியே எடுக்கப்படுகிறது என்பதில் இரண்டுக்கும் கிழக்கும் மேற்கும் போல வித்தியாசம்.

ஆகவேதான் நம் ஃபுகஹாக்கள் ஆடையை விலையால் பிரிக்கவில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கும் அளவு ஃபர்ளு. அல்லாஹ்வின் அருளை வெளிக்காட்டும் அளவு முஸ்தஹப்பு. ஜும்ஆ, பெருநாள், மக்கள் கூடுமிடம் ஆகியவற்றுக்காக அழகாக உடுப்பது முபாஹ். பெருமைக்காக உடுப்பது மக்ரூஹ் என்று பிரித்தார்கள். இவற்றில் எந்த வகைக்கும் ரூபாய்க் கணக்கு இல்லை. கடன் வாங்கியோ, மனைவி மக்களின் தேவையைச் சுருக்கியோ உடுப்பது வேறு விஷயம்; அதற்குத் தீர்ப்புச் சொல்ல ஆலிம் வேண்டியதில்லை.

பிரபலத்திற்கான ஆடையை அணிபவனுக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. நாம் இதைப் பணக்காரர்களுக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் முகஸ்துதியைப் பற்றி எழுதும்போது, ஒட்டுப் போட்ட உடையையும் முரட்டுக் கம்பளியையும் காட்டித் துறவிப் பட்டம் தேடுபவரை முன்னே நிறுத்துகிறார்கள். அப்படிப்பட்டவரை நடுத்தரமான நல்ல உடை உடுத்தச் சொன்னால் கழுத்தை அறுப்பது போல் துடிப்பாராம். துறவை விட்டுவிட்டார் என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்களே என்பதற்காக. என் போன்றோரின் ஜுப்பாவுக்கும் தலைப்பாகைக்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? கஞ்சி போட்டுத் தேய்த்த ஜுப்பாவோடு மேடையேறும் நாளில் எனக்குக் கிடைக்கும் மரியாதை, சாதாரணக் கைலியோடு மீன் வாங்கப் போகும்போது கிடைப்பதில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கஞ்சி போடச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளை சொன்னதற்கு வருவோம்.

ஹாலந்து நாட்டில் சில ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2011-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு பெண்மணி போவோர் வருவோரிடம் சில கேள்விகளுக்குப் பதில் கேட்டு நின்றார். பேர்பெற்ற ஒரு நிறுவனத்தின் சின்னமுள்ள மேலுடையில் அவர் நின்றபோது பாதிக்கும் சற்று அதிகமானோர் நின்று பதில் சொல்ல இசைந்தார்கள். அதே மாதிரி உடை, சின்னம் மட்டும் இல்லை. அப்போது இசைந்தவர்கள் அதில் கால் பங்கு அளவுக்குத்தான். தர்மத்துக்கு வசூல் செய்தபோதும் சின்னமுள்ள சட்டைக்கே அதிகப் பணம் விழுந்தது. அந்தச் சட்டை அவருடைய சொந்தச் சட்டையல்ல என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவந்த இடத்தில் மட்டும் சின்னம் பலிக்கவில்லை. மதித்தது சட்டையை அல்ல. அதை வாங்கக்கூடிய பணத்தை.

பையன் தன் அனுபவத்தில் கண்டதைத்தான் அந்த ஆய்வாளர்கள் எண்ணிக்கையில் கண்டார்கள். அவன் அறியாமையால் அந்தச் சட்டையைக் கேட்கவில்லை. அதற்கு என்ன கிடைக்கும் என்று நன்றாக அறிந்தே கேட்டான். சஹனில் முன் இடம், ஒரு "வாங்க தம்பி", ஹள்ரத்தின் இரண்டு கை முஸாஃபஹா. கடைக்காரன் விற்பது நூலும் சாயமும். இவையெல்லாம் கடைக்காரனிடம் இல்லை, எங்களிடம் இருந்தன. நாங்கள்தான் அந்தச் சரக்கை அந்தச் சட்டையின் விலைக்கு விற்றுக் கொண்டிருந்தோம். இலவசமாகக் கொடுக்க வேண்டிய சரக்கு அது.

புகாரி ஷரீஃபில் ஸஹ்லு இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் ஒன்று உண்டு. ஒரு மனிதர் கடந்து சென்றார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். பெண் கேட்டால் கொடுக்கப்படுவார், சிபாரிசு செய்தால் ஏற்கப்படும், பேசினால் செவிசாய்க்கப்படும் என்றார்கள் தோழர்கள். பிறகு ஓர் ஏழை முஸ்லிம் கடந்து சென்றார். அவரைப் பற்றியும் கேட்டார்கள். பெண் கேட்டால் கிடைக்காது, சிபாரிசு செல்லாது, பேச்சும் எடுபடாது என்று பதில் வந்தது. முதலாமவரைப் போன்றவர்கள் பூமி நிறைய இருந்தாலும் அவர்களை விட இந்த ஏழை சிறந்தவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

இந்த ஹதீஸை மதரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். இருவரும் நடந்து போனார்கள், அவ்வளவுதான். முதலாமவர் தம் தோற்றத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் பெருமையடித்ததாகவும் இல்லை. திருத்தப்பட்டது வழியே போன அந்த இருவரல்லர். அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தவர்களின் பார்வைதான். கேள்வியும் அவர்களிடமே கேட்கப்பட்டது.

பொறுக்க வேண்டும், வசதியுள்ளவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரம்பரையாகச் செல்வம் உள்ள வீடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரண வெள்ளைச் சட்டையில் இருப்பார்கள். அவரை ஊரே அறியும். சட்டை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. சின்னம் தேவைப்படுவது அறிமுகம் இல்லாதவனுக்கு, கணக்குப்பிள்ளையின் மகனுக்கு. ஆகவே இந்த விலையின் முழுப் பாரமும் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று யோசியுங்கள். கொடுக்க இயலாதவனே அதிகம் கொடுக்க நேரிடுகிறது. கொடுக்க வழியே இல்லாதவன் போலிச் சின்னம் தைத்த சட்டையை முந்நூறு ரூபாய்க்கு வாங்குகிறான், அல்லது இரவல் வாங்குகிறான். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவு பெற்றவன் போல் காட்டிக் கொள்பவன், பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவனைப் போன்றவன் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை நான் பையனுக்குச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசியது. பொய்யின் ஆடையை அவன் அணிந்தான் என்றால், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

தாய்மார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு வீட்டில் முதலில் பேசப்படுவது எது? வந்தவரின் கைப்பையும் அவர் மகனின் காலணியும் அல்லவா? "பார்த்தாலே தெரியுதே, நல்ல இடம்" என்கிறோம். நல்ல இடம் என்பதைத் தொழுகையைக் கொண்டு அறியவில்லை. தோலைக் கொண்டு அறிந்தோம். கூடவே உட்கார்ந்து அதைக் கேட்கும் நம் பிள்ளைகள் பாடம் கற்றுக் கொள்கிறார்கள். ஆள் பாதி, ஆடை பாதி என்ற பழமொழி பாதியோடாவது நின்றது. நம் பேச்சில் அந்த மறுபாதியும் போய்க் கொண்டிருக்கிறது.

முதலையைப் பற்றிய மஸ்அலாவைச் சொல்லாமல் விட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள். உயிருள்ளவற்றின் உருவம் தெளிவாகத் தெரியும் ஆடையில் தொழுவது மக்ரூஹ். நின்று பார்ப்பவருக்கு உறுப்புகள் பிரித்தறிய முடியாத அளவு மிகச் சிறியதாக இருந்தால் ஹனஃபீ நூல்களில் சலுகை உண்டு. ஆயினும் தொழுகைக்கு அப்படிப்பட்டதைத் தவிர்த்துக் கொள்வதே பேணுதல். உருவத்தை விட எனக்குக் கவலை தருவது முதுகு நிறைய எழுத்துகள் அச்சிட்ட பனியன்கள்தான். அவற்றை அணிந்தவர் முன் ஸஃப்பில் நின்றால், பின்னால் நிற்பவர் அத்தஹிய்யாத்து வரை அதைத்தான் வாசித்துக் கொண்டிருக்க வேண்டும். வேலைப்பாடுள்ள ஒரு மேலாடை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததென்று நாயகம் (ஸல்) அவர்கள் அதை அபூஜஹ்மு (ரலி) அவர்களிடம் திருப்பியனுப்பி, அவரிடமிருந்த சாதாரணக் கம்பளி ஆடையைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கொடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று அவரிடமிருந்தே மாற்றாக ஒன்றைக் கேட்டு வாங்கிய அந்த நயத்தை நினைத்து நினைத்து மகிழலாம்.

கணக்குப்பிள்ளை என் முன்னே தீர்ப்புக்காகக் காத்திருந்தார். அந்தச் சட்டை அதன் விலைக்காக மட்டும் ஹராம் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். வீட்டார் ஐவரின் பெருநாள் துணியை விழுங்கும் சட்டையை வாங்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்றும் சொன்னேன். பையனிடம், இரவல் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். கொடுத்துவிட்டேன் என்றான். முஸாஃபஹா விஷயத்தில் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவன் வெட்கப்பட்டுக் கொண்டு, "அதெல்லாம் வேணாம் ஹள்ரத்" என்றான். அவன் வாப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக் கொண்டார். இஃப்தாருக்கு நேரமாகிவிட்டது, நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச் சட்டிகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த ஜும்ஆவில் இதைத்தான் பயானாகச் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. விருந்துகளில் சஹன் முன் உட்கார வைப்பவர்கள் வந்த வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று ஜமாஅத்தாரிடம் கேட்டுக் கொண்டேன். ஒப்புக் கொண்டார்கள். எவ்வளவு நாள் நடக்கும் என்பது அடுத்த நிக்காஹ் சீஸனில் தெரியும். எனக்கு நானே வைத்துக் கொண்ட நிபந்தனை ஒன்று: ஸலாம் சொல்பவரின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றது. எளிது போலத் தோன்றுகிறது. செய்து பாருங்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து ஜனங்கள் வரிசையாக முஸாஃபஹாவுக்கு வந்தார்கள். வாப்பாவும் மகனும் வந்தார்கள். அவன் ஸலாம் சொன்னான். நான் பதில் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினேன். நீட்டுவதற்கு முன்பே என் கண் அவன் சட்டையின் இடது பக்கத்துக்குப் போய்விட்டு வந்திருந்தது. அதை அவனும் பார்த்தான்.